வீட்டை என்ன பண்ணப் போறிய?

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து, பந்தியில் இலை எடுத்துக்கொண்டிருக்கும்போதே யாராவது ஒருவர் அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார். எங்கள் வீட்டில் கேட்டவர் அப்பா வழிப் பெரியப்பா ஒருவர். ஈரக் கையைத் தோள் துண்டில் துடைத்துக்கொண்டே, “அப்போ வீட்டை என்ன பண்ணப் போறிய?” என்றார். அண்ணன் முகம் கறுத்துவிட்டது. அக்கா எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டாள். அம்மா படத்துக்குப் போட்ட மாலை வாடவில்லை, அதற்குள் சொத்துப் பேச்சா என்று அன்று ராத்திரி மூவரும் சேர்ந்து பெரியப்பாவைத் திட்டித் தீர்த்தோம்.

இப்போது நினைத்துப் பார்த்தால், அன்று வந்த அத்தனை பேரில் எங்களிடம் பேச வேண்டியதைப் பேசியவர் அவர் ஒருவர்தான் என்று படுகிறது. மற்றவர்கள் “கிடையில கிடக்காமப் போய்ட்டா, புண்ணியவதி” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்கள். பாளையங்கோட்டை பெருமாள்புரத்தில் ஒரு வீடு, அதற்கு மூன்று பிள்ளைகள், மூவரும் மூன்று ஊரில். இந்தக் கணக்கு எங்கே போய் முடியும் என்று பெரியப்பாவுக்குத் தெரிந்திருந்தது. எங்களுக்கும் தெரிந்திருந்தது. அதனால்தான் அவ்வளவு கோபம் வந்தது.

கேள்வி சரி, நேரம்தான் சரியில்லை. “வருசம் திரும்பட்டும்” என்று ஊரில் பெரியவர்கள் சொல்வதில் எனக்கு இப்போது மரியாதை கூடியிருக்கிறது. சாஸ்திரத்துக்காக இதைச் சொல்லவில்லை. முதல் வருடத்தில் மனுஷனுக்கு எதையும் விலை மதிக்கத் தெரியாது. காய்ந்துபோன பற்பசை டியூபைக்கூட எடுத்துப் போட மனம் வராது. இல்லையென்றால் நேர்மாறாக, எல்லாவற்றையும் ஒரே நாளில் காலி செய்துவிட்டு ஓடிவிடத் தோன்றும். இரண்டு நிலையிலுமே பத்திரத்தில் கையெழுத்துப் போடக் கூடாது. ஒரு தீபாவளி, ஒரு பொங்கல் போக வேண்டும். எங்கள் பக்கத்தில் பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வமான சாஸ்தா கோயிலுக்குப் போவோம். அம்மா இல்லாமல் அப்படி ஒருமுறை போய்வந்த பிறகுதான், இனிமேல் பொங்கல் பானையை யார் எடுத்துவருவது, வீட்டுச் சாவி யாரிடம் இருப்பது என்பதெல்லாம் உறைக்க ஆரம்பித்தது.

வீட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் முற்றத்தையும் தூணையும்தான் எழுதுகிறார்கள். திருநெல்வேலிக்காரர்கள் எழுதினால் தார்சாவும் பட்டாசலும் அங்கணமும் தவறாமல் வந்துவிடும். எங்கள் வீட்டில் இவை எதுவும் கிடையாது. 1979-இல் கட்டிய கான்கிரீட் வீடு. மொசைக் தரை, கடப்பைக்கல் அலமாரி, வட்டமும் சாய்சதுரமுமாக வளைத்த ஜன்னல் கம்பி, நெற்றியில் சிமெண்ட் எழுத்தில் வீட்டுப் பெயர். பின்னால் ஒரு கிணறு, ஒரு வேம்பு, மாடிப்படியைப் பற்றிக்கொண்டு ஏறிய பிச்சிக்கொடி. வாத்தியார்களும் அரசு ஊழியர்களும் சொசைட்டிக் கடன் வாங்கிக் கட்டிய எத்தனையோ வீடுகளில் அதுவும் ஒன்று. அழகு என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. பாரம்பரியச் சின்னமாக யாரும் அறிவிக்கப்போவதுமில்லை. இப்படிப்பட்ட வீட்டை விற்கும்போது துக்கப்படக்கூடக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

அப்பா மின்வாரியத்தில் எழுத்தராக இருந்தார். சேரன்மகாதேவிக்குப் பக்கத்து ஊரில் இருந்த பூர்வீக வீட்டில் தன் பாகத்தைச் சித்தப்பாவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தில்தான் இந்த மனையை வாங்கினார். கட்டுவதற்குக் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தில் கடன். மேலே கான்கிரீட் போடும் சமயத்தில் பணம் முட்டிக்கொண்டது. அம்மாவின் ரெட்டைவடச் சங்கிலி அப்போது போனது. உறவில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், கழுத்தில் ஒற்றைச் சங்கிலியோடு இருப்பதற்கு விளக்கம்போல, “என் சங்கிலி தட்டட்டியிலதான் கிடக்கு” என்று அம்மா சொல்லுவாள். தட்டட்டி என்றால் எங்கள் ஊரில் மொட்டைமாடி.

அம்மா போன பிறகு அந்த வீட்டைப் பூட்டித்தான் வைத்திருந்தோம். ஆள் புழங்காத வீடு எவ்வளவு வேகமாகக் கெடும் என்பது பூட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஓட்டாத மோட்டார் இறுகிப்போகும். கழிப்பறையில் தேங்கி நிற்கும் தண்ணீர் வற்றிவிட்டால், சாக்கடை வாடையும் கரப்பானும் மேலே ஏறிவரும். கதவு நிலையில் கரையான் மண்கோடு போட்டிருக்கும். கைப்பிடிச்சுவர் விரிசலில் அரசங்கன்று முளைக்கும். அதைப் பிடுங்கினால் மேலே இருப்பதுதான் வரும், வேர் சுவருக்குள் தங்கிவிடும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தெற்கு மாவட்டங்களில் கொட்டிய மழை எல்லோருக்கும் நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. திருநெல்வேலி ஜங்ஷனே தண்ணீரில் நின்றது. எங்கள் வீட்டுக்குள் வெள்ளம் வரவில்லை. தட்டட்டியில் தண்ணீர் இறங்கும் குழாயை வேப்பஞ்சருகு அடைத்துக்கொண்டு, மேலே குளம் கட்டி நின்றது, அவ்வளவுதான். அப்பா இருந்தவரை ஐப்பசி பிறப்பதற்கு முன்னால் ஒரு கம்பைக் கொடுத்து அண்ணனை மேலே ஏற்றிவிடுவார். அம்மா காலத்தில் யாராவது பையனைக் கூப்பிட்டுச் செய்துகொண்டாள். அந்த வேலையைச் செய்ய ஆளில்லாமல், அம்மாவின் அறையில் உத்தரத்து ஓரம் காரை பெயர்ந்து கம்பி துருவோடு தெரிந்தது.

“நினைவுக்காக வைத்திருக்கிறோம்” என்று சொல்கிறவர்களை எனக்கு நிறையப் பேர் தெரியும். அவர்களுடைய வீடுகளையும் தெரியும். சொத்துவரி கட்டுகிறார்கள், மின்கட்டணம் கட்டுகிறார்கள், பக்கத்து வீட்டுக்காரரிடம் சாவியும் ஒரு கடப்பாடும் கொடுத்துவைத்திருக்கிறார்கள். வருடத்துக்கு ஒருமுறை வந்து இரண்டு நாள் தூசி தட்டி, மூன்றாம் நாள் சளி பிடித்துத் திரும்புகிறார்கள். நினைவு அந்த வீட்டில் இல்லை, அவர்களோடு பெங்களூருக்கும் துபாய்க்கும் போய்விட்டது. பூட்டின வீட்டில் இருப்பது தள்ளிப்போட்ட ஒரு முடிவு மட்டும்தான். அதற்கு வரி, வட்டி எல்லாம் அடுத்த தலைமுறைதான் கட்ட வேண்டிவரும்.

வாடகைக்கு விடலாமே என்று கேட்பீர்கள். நாங்களும் யோசித்தோம். “அம்மா ரூமை மட்டும் பூட்டி வச்சிட்டு மத்ததை விடுவோம்” என்றான் அண்ணன். மூன்று அறை வீட்டில் ஒன்றைப் பூட்டி வைத்துவிட்டு மற்றதில் ஒரு குடும்பத்தைக் குடிவைப்பது என்றால், அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் ராத்திரி ஒன்றுக்குப் போக எழுந்தால்கூட அந்தக் கதவைப் பார்த்து மிரளும். மதினிதான் அதைச் சொன்னாள். ஓய்வு பெற்ற பிறகு பாளையங்கோட்டைக்கே வந்துவிடுவேன் என்று அண்ணன் சொல்லிக்கொண்டிருந்ததற்கும் அவளிடம் பதில் இருந்தது: “இவங்க இருவது வருசமா இதத்தான் சொல்லுதாங்க. மெட்ராசுல கண் ஆப்பரேசன் பண்ணின டாக்டர மாத்தக்கூட மனசு வராது இவங்களுக்கு.” அந்த வீட்டில் பிறக்காத ஒருத்தி குடும்பத்தில் இருப்பது இந்த மாதிரி நேரத்தில் பெரிய பாக்கியம்.

ஆண்பிள்ளைக்கும் பெண்பிள்ளைக்கும் இந்த இழப்பு ஒன்றல்ல. அண்ணனுக்குப் போனது ஒரு விலாசம். எனக்கும் அக்காவுக்கும் போனது சும்மா இருக்கும் உரிமை. உலகத்தில் அந்த ஒரு வீட்டில்தான் காலையில் நான் எழுந்திருக்க வேண்டிய நேரம் என்று ஒன்று கிடையாது. காபி கையில் வரும். மறுநாள் இட்லிக்கு மாவு இருக்கிறதா என்ற நினைப்பு எனக்கு வர வேண்டியதில்லை. கல்யாணமான நாளிலிருந்து வேறு எந்த வீட்டிலும், என் சொந்த வீட்டில்கூட, இது எனக்குக் கிடைத்ததில்லை. பேறுகாலத்துக்கு வந்த வீடு, புருஷனோடு பேச்சு முற்றிய நாளில் பஸ் ஏறலாம் என்று மனசுக்குள் வைத்திருந்த வீடு. ஏறியதில்லை. ஏறலாம் என்று இருந்ததே போதுமானதாக இருந்தது.

இந்த உரிமையைச் சட்டம் எப்படிப் பார்த்தது என்று வக்கீல் சொல்லித்தான் எனக்குத் தெரியும். 1956-ஆம் வருடத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, தகப்பன் தன் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்துக்கு உயில் எழுதாமல் இறந்தால், மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. அன்றிலிருந்தே அப்படித்தான். ஆனால் அதே சட்டத்தில் 23-ஆவது பிரிவு என்று ஒன்று இருந்தது. குடியிருக்கும் வீட்டைப் பிரித்துக் கொடு என்று பெண்வாரிசு கேட்க முடியாது. ஆண்வாரிசுகளாகப் பிரித்துக்கொள்ள முன்வந்தால்தான் உண்டு. மகள் அந்த வீட்டில் தங்கலாம், எப்போது? கல்யாணம் ஆகாதவளாக இருந்தால், கணவன் கைவிட்டிருந்தால், பிரிந்திருந்தால், விதவையாகியிருந்தால். நன்றாக வாழ்கிற மகளுக்குத் தகப்பன் வீட்டில் தங்கும் உரிமை சட்டத்தில் இல்லை. அப்பா 2004-இல் இறந்தபோது இந்தப் பிரிவு உயிரோடுதான் இருந்தது. 2005 செப்டம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்த திருத்தம்தான் அதை எடுத்தது.

உறவினர்கள் சட்டத்தை அவரவர் வசதிக்குத் தெரிந்துவைத்திருப்பார்கள். “89-க்கு முன்னால கட்டிக்கொடுத்த பிள்ளைக்குப் பங்கு கிடையாதாமே” என்று ஒரு மாமா கிளப்பினார். அக்காவுக்குக் கல்யாணம் ஆனது 1987-இல். 1989-இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த திருத்தம், கூட்டுக்குடும்பத்துப் பூர்வீகச் சொத்தில் மகளையும் மகனுக்குச் சமமாக்கியது. 25.3.1989-க்கு முன்பே கல்யாணமான பெண்களை அது விட்டுவிட்டது உண்மைதான். பிறகு வந்த 2005 மத்தியத் திருத்தத்தில் அந்த விலக்கு இல்லை. தகப்பன் 2005 திருத்தம் வந்த தேதியில் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பத்தையும் 2020-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது. எங்கள் வீட்டை அப்பாவின் சுயசம்பாத்தியம் என்று பார்த்தாலும், பூர்வீகப் பணம் கலந்தது என்று பார்த்தாலும், அக்காவின் பங்கு போகாது. ஆனால் அந்த மாமா கிளப்பிய அன்றிலிருந்து அக்கா போனில் பேசும் குரலே மாறிவிட்டது. பங்கு போய்விடுமோ என்பதில்லை அவள் வருத்தம். அண்ணன் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தான் என்பதுதான்.

எத்தனையோ வீடுகளில் அக்கா தங்கைகள் விடுதலைப் பத்திரத்தில் பைசா வாங்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார்கள். “நகை போட்டாச்சு, பேறுகாலம் பாத்தாச்சு, இன்னும் என்ன” என்பார்கள். கையெழுத்துப் போடுகிறவளும் விரும்பித்தான் போடுகிறாள் என்று தோன்றும். உண்மையில் அவள் ஒரு பேரம் செய்கிறாள். பங்கை விட்டுக்கொடுத்தால் பொங்கப்படி வந்துகொண்டிருக்கும், தாய்மாமன் சீர் நின்றுபோகாது, வீட்டுக்கு வந்தால் அண்ணன் பெண்டாட்டி முகம் கொடுத்துப் பேசுவாள். பங்கைக் கேட்டவள் பிறந்தவீட்டை இழப்பாள் என்று ஊர் அவளுக்குச் சொல்லிவைத்திருக்கிறது. இது நியாயமான பேரம் இல்லை. எங்கள் அண்ணன் அப்படிக் கேட்கவில்லை என்பதற்காக அவனுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று சிலர் என்னிடம் சொன்னார்கள். நான் சொல்லவில்லை.

விற்காமலே வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்குச் செட்டிநாட்டைப் பார்க்கலாம். காரைக்குடியைச் சுற்றி எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்களில், பர்மாத் தேக்கும் முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சும் ஆத்தங்குடிக் கல்லுமாக ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடுகள். கல்யாணமான ஒவ்வொரு மகனும் ஒரு புள்ளி, ஒவ்வொரு புள்ளிக்கும் வளவில் ஓர் அறை. பர்மாவில் தொழில் ஓடியவரை அந்தக் கணக்கு ஓடியது. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு அந்த வருமானம் போயிற்று, புள்ளிகள் மட்டும் பெருகின. இன்று ஒரே வீட்டுக்குப் பல டஜன் பங்காளிகள் இருப்பதுண்டு. அத்தனை பேரும் சம்மதித்தால்தான் விற்க முடியும், அத்தனை பேரும் பணம் போட்டால்தான் ஓடு மாற்ற முடியும். கல்யாணத்துக்கும் படைப்புக்கும் கூடுகிறார்கள், மற்ற நாளில் வாட்ச்மேன் இருக்கிறார். ஒற்றுமையாகப் பராமரித்து வருகிறவர்கள் உண்டு, ஓட்டலாக மாற்றிப் பிழைக்கவைத்தவர்களும் உண்டு. அவர்களைப் பார்த்தால் பொறாமையாகத்தான் இருக்கிறது. முடியாதவர்களின் வீடு ஒருநாள் கூரையிலிருந்து பிரிபட்டு, நிலையும் தூணும் எனாமல் சட்டியுமாகக் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளுக்கு வந்துவிடும். சென்னை முட்டுக்காட்டில் 1996-இல் திறந்த தட்சிணசித்ராவில் ஒரு செட்டிநாட்டு வீட்டைப் பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். நுழைவுச்சீட்டு வாங்கி உள்ளே போய்த் திண்ணையில் உட்காரலாம். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் சோறு பொங்கும் வாசனை கிடையாது.

எங்கள் முடிவு வந்தது உணர்ச்சியால் இல்லை, காகிதத்தால். விற்பதா இல்லையா என்று தெரியாவிட்டாலும் பேப்பரைச் சரிசெய்து வைப்போம் என்று தொடங்கினோம். அப்பாவுக்கு ஒரு வாரிசுச் சான்று, அம்மாவுக்கு ஒரு வாரிசுச் சான்று. அம்மாவின் பெயர் ரேஷன் கார்டில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி, இறப்புச் சான்றில் மூன்றாவது மாதிரி. மூன்றும் ஒருத்தியே என்று பிரமாணம் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. அப்பா சங்கக் கடனை எப்போதோ அடைத்துவிட்டார், ஆனால் அடமானம் தீர்ந்ததைப் பதிவுசெய்யவில்லை. வில்லங்கச் சான்றில் அந்த அடமானம் அப்படியே உட்கார்ந்திருந்தது. இதற்கெல்லாம் அலைந்ததை விவரித்தால் வேறு கட்டுரையாகிவிடும்.

பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் இருந்த மூலப்பத்திரங்களை அப்போதுதான் முதல்முறையாக உட்கார்ந்து படித்தேன். மனைக்கு முன்னால் அது புஞ்சை நிலம். அப்பாவுக்கு விற்றவர், குடும்பச் செலவுக்காகவும் மகள் கல்யாணத்துக்கு வாங்கிய முன்கடனைத் தீர்ப்பதற்காகவும் விற்பதாக எழுதியிருந்தார். அவருக்கு அது பாகப்பிரிவினையில் வந்தது. அவருடைய தகப்பனார் இன்னொருவரிடம் கிரயம் வாங்கியிருந்தார், அந்த இன்னொருவருக்கும் கடன்தான். ஒவ்வொரு பத்திரத்தின் கடைசியிலும், வாங்குகிறவர் புத்திர பௌத்திர பாரம்பரியமாகச் சர்வ சுதந்திரத்தோடு ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது என்று எழுதியிருக்கிறது. அடுத்த பத்திரத்தில் அந்தப் புத்திரனோ பௌத்திரனோ வந்து விற்றுவிட்டுப் போகிறான். நூறு வருடத்தில் அந்த மண்ணை யாரும் இரண்டு தலைமுறைக்கு மேல் வைத்திருக்கவில்லை. எங்களுக்கு முன்னால் விற்றவர்களின் வீட்டிலும் யாராவது அழுதிருப்பார்கள்.

அதே கட்டில் அப்பா சித்தப்பாவுக்கு எழுதிக் கொடுத்த பாகப் பத்திரத்தின் நகலும் இருந்தது. வீட்டை விற்பது அப்பாவுக்குச் செய்யும் துரோகம் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தோம். விற்பதில் எங்களுக்கு வழிகாட்டியே அப்பாதான். அவர் பிறந்த வீட்டை, தன் அம்மா அதில் உயிரோடு இருக்கும்போதே விற்றவர். ஆச்சி பால்காய்ப்புக்கு வந்து, தரையில் உட்கார்ந்து மொசைக்கைத் தடவிப் பார்த்துவிட்டு, “வழுக்கும்போல இருக்கே” என்று மட்டும் சொன்னாளாம். அம்மா இதை வேடிக்கையாகச் சொல்லுவாள். ஆச்சிக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று எனக்கு என் முறை வந்தபோதுதான் தெரிந்தது. ஆனால் அப்பா அந்த ஓட்டு வீட்டின் பாகத்தைப் பாசத்துக்காகப் பிடித்துவைத்திருந்தால், எங்களுக்குப் பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடமும் இல்லை, கல்லூரியும் இல்லை. பிள்ளைகளைப் படிக்கவைத்து வெளியே அனுப்பத்தான் அந்த வீட்டைக் கட்டினார்கள். அனுப்பியும் வைத்தார்கள். அது காலியாகிவிட்டது என்று ஒப்பாரி வைப்பதில் எனக்கு இப்போது உடன்பாடில்லை. கட்டின காரியம் நடந்தது, வீடு காலியானது.

சாமான்களைப் பிரிப்பது பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் நீட்டவில்லை. எவர்சில்வர் பாத்திரங்களில் பெயர் வெட்டியிருந்ததைப் படித்துப் படித்துச் சிரித்தோம். பாதிப் பெயர்கள் யாரென்றே தெரியவில்லை, அம்மாவுக்கு மட்டும் தெரிந்திருக்கும். ஆட்டுரலை யாரும் கேட்கவில்லை.

வாங்க வந்தவர்களில் பலருக்கு முதல் குறை தெற்குப் பார்த்த வாசல். ஒருவர் திசைகாட்டியோடு வந்து கிணறு இருக்கும் மூலையைக் குறித்துக்கொண்டார். இன்னொரு குடும்பம் எல்லாம் பிடித்துப்போய்க் கிளம்பும்போது, கூட வந்த அம்மாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “வீட்டுலயா, ஆசுபத்திரியிலயா?” என்று கேட்டார். எது என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. அடுத்து நட்சத்திரம் கேட்டார். அவிட்டத்திலிருந்து ரேவதி வரை ஐந்தில் ஒன்றாக இருந்தால் அடைப்பு உண்டே, அறையை மூடி வைத்தீர்களா என்று. எனக்குக் கோபம் வரவில்லை. காசு போட்டு வாங்குகிறவர்களுக்குப் பயம் இருக்கும். உயிரோடு அம்மா அந்த வீட்டில் நாற்பது வருடத்துக்கு மேல் சிரித்ததைக் கணக்கில் எடுக்க எந்த வாஸ்துவிலும் இடமில்லையே என்றுதான் தோன்றியது.

கோபம் வந்தது வேறு இடத்தில். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று வாங்குகிறவர் கட்ட வேண்டும். அதனால் “பத்திரத்துல கைடுலைன் வேல்யூ போட்டுக்குவோம், மிச்சத்தக் கையில தந்திருதோம்” என்பது ஊர் வழக்கம். விற்பவருக்கும் வருமான வரி குறையும். புரோக்கர் இதைச் சொன்னது, குழம்புக்கு உப்பு எவ்வளவு என்று சொல்வதுபோல இருந்தது. அப்பா ஆபீசுப் பேனாவை வீட்டுக்குக் கொண்டுவராத மனுஷன். அவர் வீட்டை அப்படி விற்பதா வேண்டாமா என்று நாங்கள் மூவரும் ஒரு நாள் முழுக்கப் பேசினோம். வேண்டாம் என்று கடைசியில் சொன்னது அண்ணன்தான். அதனால் இரண்டு பேர் விலகிப் போனார்கள். வங்கிக் கடன் போட்டு வாங்க வேண்டிய ஒரு செவிலியர் குடும்பத்துக்குத்தான் பத்திரத்தில் முழு விலை தேவைப்பட்டது. அவர்களுக்கே விற்றோம். கூட இரண்டு லட்சம் தருகிறேன் என்று ஒருவர் வந்தார். அவர் இடித்துவிட்டு அபார்ட்மெண்ட் கட்டப்போகிறவர். நாங்கள் பெரிய தியாகம் செய்ததாகச் சொல்ல மாட்டேன், அந்தப் பணம் இல்லாமல் எங்கள் யாருக்கும் எதுவும் நின்றுபோகவில்லை. தேவை இருந்திருந்தால் அவருக்கே கொடுத்திருப்போம், அதிலும் தப்பில்லை.

அந்த நாட்களில் அடிக்கடி மாஞ்சோலைச் செய்தி காதில் விழுந்துகொண்டிருந்தது. எங்கள் தட்டட்டியிலிருந்து பார்த்தால் மேற்கே தெரியும் மலைதான். சிங்கம்பட்டி ஜமீன் 1929-இல் 8,373 ஏக்கரை 99 வருடக் குத்தகைக்குக் கொடுத்த தேயிலைத் தோட்டம், 2028-இல் குத்தகை முடிகிறது. 2024-இல் தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்து லயன் வீடுகளைக் காலிசெய்யச் சொன்னார்கள். நாலு தலைமுறையாகப் பிறந்து வளர்ந்து செத்த வீடுகள், ஒன்றுகூட அவர்கள் பெயரில் இல்லை. அவர்களிடம் விற்பதற்குப் பத்திரம் இல்லை, பிரிப்பதற்குப் பங்கும் இல்லை. மலையிலிருந்து இறங்கினால் போய்ச் சேர ஒரு வாசல் கொடுங்கள் என்றுதான் அவர்கள் நீதிமன்றம்வரை போனார்கள். வீட்டை விற்க மனமில்லாமல் தவிப்பது ஒரு வசதிக்காரத் துயரம் என்று அதைக் கேட்டபோது உறைத்தது. அதற்காக எங்கள் துயரம் குறைந்துவிடவில்லை. ஆனால் அதன் அளவு தெரிந்தது.

பதிவு அலுவலகத்தில் போட்டோ எடுத்து, கைரேகை வைத்து, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் எல்லாம் முடிந்துவிட்டது. பணத்தை மூன்றாகப் பிரித்துக்கொண்டோம். அக்கா மகளின் வீட்டுக்கடனில் ஒரு பகுதி அடைந்தது. அண்ணன் என்ன செய்தான் என்று கேட்கவில்லை. என் பங்கை நான் வங்கியில் போட்டிருக்கிறேன். அதில் கை வைக்க இன்னும் மனம் வரவில்லை என்பதால், மேலே இவ்வளவு தர்க்கம் பேசியவள் முழுக்கத் தேறிவிட்டாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். திருநெல்வேலிக்குப் போனால் லாட்ஜில்தான் தங்குகிறேன். சொந்த ஊரில் ஆதார் அட்டையைக் காட்டி அறை எடுப்பது விசித்திரமாகத்தான் இருக்கிறது. தையில் அண்ணனிடமிருந்து பொங்கப்படி வருகிறது, ஜிபேயில். மதினி அதில் ஒரு கரும்புப் படமும் சேர்த்து அனுப்புகிறாள்.

அப்பா அம்மா இருக்கிற வீடு இன்னும் திறந்திருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பத்திரம் எங்கே இருக்கிறது, அடமானம் தீர்த்துப் பதிவாகியிருக்கிறதா, எந்த அட்டையில் என்ன பெயர் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். தங்களுக்குப் பிறகு வீட்டை என்ன செய்யலாம் என்று அவர்களையே கேளுங்கள். அபசகுனம் என்று நீங்கள்தான் தயங்குவீர்கள். அவர்கள் அதைப் பற்றி உங்களைவிட அதிகம் யோசித்திருப்பார்கள். உயில் எழுதுவது பெரிய காரியமில்லை. வெள்ளைத்தாளில் எழுதி, இரண்டு சாட்சிகளுக்கு முன்னால் கையெழுத்துப் போட்டு, அவர்களும் போட்டால் செல்லும். முத்திரைத்தாளும் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. உங்களுக்கு அக்கா தங்கை இருந்தால், விடுதலைப் பத்திரத்தை நீட்டும் முன்பு அவளுக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். அவள் சொல்வதற்கு நேரம் கொடுங்கள்.